சிசிஎன்ஏவுக்கு எதைப் படிப்பது? கேட்டவர்களுக்குப் பதில்கள்

சிஸ்கோ கம்பெனி நடத்தும் நெட்வொர்க்கிங் சான்றிதழ் தேர்வான சிசிஎன்ஏவை எழுதப் போகிறவர்கள் எதைப் படிப்பது, எதை விடுவது என்று கேட்கலாம், ஞாயிறு சாயங்காலம் வரை இருப்பேன் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு, கேட்டவரின் ஊரைப் போட்டு, வந்த வரிசையிலேயே பதில். வேலை வாங்கித் தரச் சொல்லிக் கேட்டவர்களுக்குப் பதில் இல்லை, அது என் கையில் இல்லை.

திருமங்கலம்: அண்ணே, சீனியர் ஒருவர் ஜெராக்ஸ் போட்ட சிசிஎன்ஏ புத்தகம் கொடுத்தார். அதுவே போதுமா?

தம்பி, முதலில் அட்டையையோ உள் பக்கத்தையோ பார்த்து தேர்வு எண் என்ன என்று சொல்லுங்கள். 200-301 என்று இருக்க வேண்டும். அந்தத் தேர்வு 2020 பிப்ரவரியில் வந்தது. அதற்கு முந்தைய புத்தகம் என்றால், ரூட்டர்கள் வழி கண்டுபிடிக்கும் முறைகளில் ஈஐஜிஆர்பிக்கு மட்டும் பக்கம் பக்கமாக இருக்கும், இன்றைய பாடத்திட்டத்தில் அது கிடையாது, ஓஎஸ்பிஎஃப் என்ற முறை தான், அதுவும் நெட்வொர்க்கைப் பகுதிகளாகப் பிரிக்காத ஒற்றை ஏரியா. நான் படித்த காலத்தில் ஃபிரேம் ரிலே என்ற பழைய இணைப்பு முறைக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன், இன்றைக்கு அதை யாரும் கேட்பதில்லை. 200-301 என்றே போட்டிருந்தாலும் 2024 ஆகஸ்டில் 1.1 என்று ஒரு திருத்தம் வந்தது. ஆட்டோமேஷன் கருவிகளில் பப்பெட்டும் ஷெஃப்பும் போய் டெர்ராஃபார்ம் வந்தது, ஏஐ பற்றியும் ஒரு வரி சேர்ந்தது. முதல் பதிப்பு கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், விட்டுப்போனதை மட்டும் தனியாகப் படித்துக்கொள்ளலாம்.

எதை வாங்குவதற்கு முன்னாலும் சிஸ்கோ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் எக்ஸாம் டாபிக்ஸ் தாளை, அதாவது பாடத்திட்டப் பட்டியலை, பிரிண்ட் எடுங்கள். ஐபி கனெக்டிவிட்டிக்கு 25 சதவீதம், அடிப்படைக்கு 20, நெட்வொர்க் ஆக்சஸுக்கு 20, செக்யூரிட்டிக்கு 15, சர்வீசஸுக்கும் ஆட்டோமேஷனுக்கும் பத்துப் பத்து. புத்தகமோ வீடியோவோ கோச்சிங் நோட்ஸோ, எது கைக்கு வந்தாலும் இந்தத் தாளோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவராததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உசிலம்பட்டி: பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருகிறது அண்ணே.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. தேர்வை ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் தான் நடத்துகிறார்கள், அதனால் ஆங்கிலத்தை ஒதுக்க முடியாது. ஆனால் புரிந்துகொள்வதற்கு ஆங்கிலம் வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு தலைப்பை முதலில் தமிழ் வீடியோவில் பாருங்கள், யூடியூபில் நிறைய இருக்கிறது. அதே தலைப்பை அன்றைக்கே புத்தகத்தில் படியுங்கள். ஏற்கெனவே கதை தெரிந்த படம் மாதிரி இருக்கும், ஆங்கிலம் பயமுறுத்தாது. டிரங்க், விலான், கேட்வே போன்ற ஆங்கிலச் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் உங்கள் வார்த்தையில் நோட்டில் எழுதுங்கள். வீட்டில் சத்தம் என்றால் மதுரை புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, போய் உட்காருங்கள்.

எல்லிஸ் நகர்: டம்ப்ஸ், அதாவது தேர்வில் வந்த கேள்வி-விடைத் தொகுப்பு, இருக்கிறதா?

இல்லை.

மேலூர்: பழைய 2960 சுவிட்ச் இரண்டும் ரூட்டர் ஒன்றும் செகண்ட் ஹேண்டில் வருகிறது. வாங்கலாமா? லேப்டாப்பிலேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்கும் பேக்கெட் டிரேசர் மென்பொருளே போதுமா?

போதும். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தால் இலவசம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். அந்தப் பணத்தைத் தேர்வுக் கட்டணத்துக்கு வையுங்கள், 300 டாலர், வரி தனி. அப்புறம் அந்த சுவிட்சின் ஃபேன் சத்தத்தில் வீட்டில் யாரும் தூங்க முடியாது. ஒரு விஷயம் மட்டும்: வீடியோவில் ஒருவர் லேப் செய்வதைப் பார்ப்பது லேப் செய்ததாகாது. விலான் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்) இரண்டு போட்டு, அவற்றை சுவிட்சுக்கு சுவிட்ச் கொண்டுபோகும் டிரங்க்கை வேண்டுமென்றே கெடுத்து, எங்கே போச்சு என்று நீங்களே தேடுங்கள்.

கே.கே. நகர்: நெட்வொர்க்கைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கும் சப்நெட்டிங்குக்கு எந்த மெட்டீரியல் நல்லது? பைனரி எல்லாம் வேண்டாம், ஷார்ட்கட்டே போதும் என்கிறார்கள்.

முதலில் பைனரி, பிறகு ஷார்ட்கட். பைனரியைத் தாண்டி ஓடும் மெட்டீரியலை வாங்காதீர்கள்.

கே.கே. நகர் மறுபடியும்: சார், ஒத்துக்கொள்ள முடியாது. 192.168.10.77/27 கொடுங்கள். /27க்கான மாஸ்க்கில் கடைசி எண் 224, 256இல் அது போனால் 32. முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகப் போனால் 64, அடுத்தது 96. நெட்வொர்க் முகவரி 64, எல்லோருக்கும் அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி 95, நடுவில் 30 பேர். பத்து நொடி. பைனரி எங்கே வந்தது?

விடை சரி. 256இல் ஏன் கழிக்கிறீர்கள் என்று ஒரே ஒரு வரி சொல்லுங்கள்.

வாடிப்பட்டி: நானும் கே.கே. நகர் கட்சி தான். தேர்வு 120 நிமிடம், பைனரி போட்டு உட்கார்ந்தால் நேரம் போய்விடும்.

தேர்வு அறையில் பைனரி போடச் சொல்லவில்லை, படிக்கும்போது போடச் சொல்கிறேன். ஐபிவி6இல், நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை வைத்து ஐபி முகவரியின் பின்பாதியை உருவாக்கும் இயூஐ-64 பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. மேக் முகவரியின் நடுவில் எஃப்எஃப்எஃப்இ செருகி, ஏழாவது பிட்டைத் திருப்ப வேண்டும். 00 என்று தொடங்கும் முகவரி 02 ஆகிறதே, அங்கே உங்கள் 256 எதைக் கழிக்கும்? பிட்டைப் பார்த்தே பழகாதவர் அங்கே முழிப்பார். கே.கே. நகர் நண்பருக்கு ஒரு கணக்கு: 172.16.45.200/20. நெட்வொர்க், பிராட்காஸ்ட், ஏசிஎல்லில் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்) போட வேண்டிய வைல்டுகார்டு, அதாவது மாஸ்க்கைத் தலைகீழாக்கியது, மூன்றும் வேண்டும்.

அனுப்பானடி: சிசிஎன்ஏவா, காம்ப்டியா நடத்தும் நெட்வொர்க் பிளஸ் தேர்வா?

நம் ஊர்ப் பக்கம் வேலை விளம்பரத்தில் அதிகம் நான் பார்த்தது சிசிஎன்ஏ. நெட்வொர்க் பிளஸ் எந்தக் கம்பெனியையும் சாராதது, 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்வி, சிஸ்கோ கட்டளைகள் வராது. அதை எழுதுவதென்றால் என்10-009க்கான புத்தகம் தானா என்று பாருங்கள். மறுபடியும் எண்!

பெயர் வேண்டாம்: அண்ணே, டம்ப்ஸ் மட்டும் படித்தால் பாஸ் ஆகலாமா?

மாட்டினால் சான்றிதழ் ரத்து, தடையும் உண்டு. மாட்டவில்லை என்றால் இன்டர்வியூவில் மாட்டுவீர்கள். நான் இன்டர்வியூ எடுக்க உட்காரும்போது முதலில் ஒரு சுவிட்ச் படத்தைக் கொடுத்து இந்த போர்ட் ஏன் பிளாக் ஆகியிருக்கிறது என்று தான் கேட்பேன். இந்தக் கேள்வி இத்தோடு போதும்.

சிம்மக்கல்: பிராக்டிஸ் டெஸ்ட் காசு கொடுத்து வாங்கலாமா?

ஒன்று மட்டும். தப்பான விடை ஏன் தப்பு என்று விளக்குவதாகப் பார்த்து வாங்குங்கள். உண்மையான தேர்வில் முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாது, அதனால் வீட்டிலும் திரும்பாமல் பழகுங்கள்.

திருப்பரங்குன்றம்: பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியது?

பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருந்தது, நான் இனிஷியல் போட்டுப் பதிவு செய்திருந்தேன். மையத்தில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள், பணம் போச்சு. நம் ஆட்கள் எல்லோருக்கும் இந்த இனிஷியல் தொல்லை உண்டு. அடையாள அட்டையில் எப்படியோ அப்படியே எழுத்துக்கு எழுத்து.

மாட்டுத்தாவணி: எந்த ஒரு புத்தகம் வாங்கினால் போதும்?

திருமங்கலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தெப்பக்குளம்: பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டு எடுக்க சிசிஎன்ஏ உதவுமா?

பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

செல்லூர்: 200-301 புத்தகம் பழையதா புதியதா என்று எப்படிப் பார்ப்பது?

டாபிக்ஸ் தாள். பிரிண்ட். ஒத்துப் பாருங்கள். இன்னும் எத்தனை தடவை!

கே.கே. நகர்: நெட்வொர்க் 172.16.32.0, பிராட்காஸ்ட் 172.16.47.255. வைல்டுகார்டு 0.0.15.255. பதினைந்து எப்படி வந்தது என்று பார்க்க, சரி, பைனரி தான் போட்டேன்.

மூன்றும் சரி. வாடிப்பட்டிக்கும் சொல்லிவிடுங்கள்.