28 எழுத்துகளும் 450 ஆண்டுக் காத்திருப்பும்

கேள்வி: கொரிய அரசர் செஜோங் எவரும் சில நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய எழுத்தை உருவாக்கியதால்தான் அந்த நாடு கல்வியில் முன்னேறியது என்று படித்தேன். எழுத்து எளிதாக இருந்தால் நாகரிகம் தானாக வளரும் என்பதற்கு இது சான்றுதானே?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. நீங்கள் சான்றாகக் காட்டும் கொரியாவே உங்கள் முடிவை மறுக்கிறது. செஜோங் அந்த எழுத்தை உருவாக்கி முடித்தது 1443இன் இறுதியில். விளக்க நூலுடன் மக்களுக்கு அறிவித்தது 1446இல். அரசு ஆணைகளில் அது முறைப்படி இடம்பெற்றதோ 1894இல். எளிமை மட்டுமே போதுமானதாக இருந்திருந்தால், ஏறத்தாழ 450 ஆண்டுகள் அது ஏன் வாசலில் நிற்க வேண்டும்?

அதன் எளிமையில் எனக்கு ஐயமே இல்லை. உதடுகளை மூடி 'ம்' என்று ஒலித்துப் பாருங்கள். கொரியர் அந்த ஒலிக்கு ஒரு சிறு கட்டம் வரைகிறார்கள், அது வாயின் வடிவம். 'ந்' ஒலிக்கு, நுனிநா மேலெழுவதைப் பக்கவாட்டில் பார்த்தாற்போல ஒரு மூலைக்கோடு. 'க்' ஒலிக்கு, அடிநா தொண்டையை அடைக்கும் தோற்றம். அதனுள் ஒரு கோட்டைச் சேர்த்தால் மூச்சு மிகுந்த ககரம் கிடைத்துவிடும். நம் இலக்கணிகள் எழுத்துகளின் பிறப்பிடத்தைச் சூத்திரங்களில் சொன்னார்கள். செஜோங் அதையே எழுத்தின் வடிவமாக வரைந்துவிட்டார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. மொத்தம் 28 எழுத்துகள். அறிவுள்ளவர் ஒரு காலைப்பொழுதுக்குள்ளும், மந்தமானவர்கூடப் பத்து நாளிலும் இவற்றைக் கற்றுவிடலாம் என்று விளக்க நூலின் பின்னுரையில் அரசவை அறிஞர் ஜோங் இன்ஜி எழுதினார்.

எதிர்ப்பும் அரசவையிலேயே எழுந்தது. 1444இல் சோய் மல்லி என்ற அறிஞர் தம்மவர் சிலருடன் சேர்ந்து அரசரிடம் விண்ணப்பம் அளித்தார்: சீன எழுத்தை விட்டுத் தனி எழுத்து வைத்துக்கொள்வது மங்கோலியர், ஜப்பானியர் போன்ற நாகரிகமற்றவர்களின் வழக்கம், நாமும் அப்படி ஆவதா என்பது அவர்கள் வாதம். அரசர் அவர்களை ஓர் இரவு சிறையில் வைத்து விடுவித்தார். ஆனால் அவர்களுடைய எண்ணத்தை அவரால் சிறைப்படுத்த முடியவில்லை. அரசுப் பதவிக்கான தேர்வு சீனச் செம்மொழியிலேயே தொடர்ந்து நடந்தது. பதவியும் நிலமும் மதிப்பும் அந்தத் தேர்வின் வழியாகவே வந்தன. அப்படியிருக்க, படித்த குடும்பத்துப் பிள்ளை எந்த எழுத்தில் உழைத்திருப்பான் என்பதை நீங்களே சொல்லுங்கள். புதிய எழுத்தைக் காப்பாற்றியவர்கள் அதில் கடிதம் எழுதிய பெண்களும் கதை படித்த எளிய மக்களுமே. அதன் ஆற்றலைப் பதவியில் இருந்தவர்கள் அறியாமலும் இல்லை: தம்மைக் கண்டித்து அந்த எழுத்தில் சுவரொட்டிகள் தோன்றியதும், 1504இல் யோன்சான் என்ற அரசர் அதைக் கற்பதையும் கற்பிப்பதையும் தடை செய்தார்.

1894இல்தான் அந்தப் பழைய தேர்வு முறை ஒழிந்தது. அதே ஆண்டில்தான் இந்த எழுத்தும் அரசு ஆணைகளில் ஏறியது. இந்த இரண்டையும் தனித்தனிச் செய்திகளாகப் படிப்பதால்தான் எளிமையே எல்லாம் செய்தது என்ற மயக்கம் வருகிறது.

திறந்த கதவும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1910இல் நாட்டை இணைத்துக்கொண்ட ஜப்பான், பின்னர் கொரிய மொழியைப் பள்ளிகளிலிருந்தே அகற்றியது. 1942இல் கொரிய மொழிக் கழகத்தாரைக் கைது செய்து, அவர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுத்த அகராதியின் கையெழுத்துப் படிகளை வழக்குச் சான்றாகப் பறித்துக்கொண்டது. அவர்களில் இருவர் சிறையிலேயே இறந்தனர். எழுத்து அன்றும் அதே எளிய எழுத்துதான். பள்ளிகள் அதில் எல்லாருக்கும் பாடம் நடத்தத் தொடங்கியது 1945இல் விடுதலை வந்த பிறகே. அந்த ஆண்டு செப்டம்பரில், சியோல் ரயில் நிலையத்தின் சரக்குக் கிடங்கில் அந்தக் கையெழுத்துப் படிகள் கிடைத்தன. அகராதியின் முதல் தொகுதி 1947இல் அச்சேறியது.