குளிசை சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. கவனக் குறைவுக்கும் துடியாட்டத்துக்குமாகக் கிளினிக்கில் மெதில்பெனிடேற் 10 மில்லிகிராம் குளிசை காலையும் மதியமும் தருகிறார்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால்தான் மருந்து முழுமையாகச் சேரும் என்கிறார்கள் அயலவர்கள். தோடம்பழச் சாறு கொடுக்கவே கூடாது என்கிறாள் கனடாவில் இருக்கும் என் தங்கை. வயல் வேலை நாட்களில் அவன் சாப்பிடாமலே பாடசாலைக்குப் போய்விடுகிறான். நான் என்ன செய்வது? – ஒரு தாய், ஒட்டுசுட்டான்.

பதில்: அன்புள்ள அம்மா, கிளினிக்கில் வேறு விதமாகச் சொல்லியிராவிட்டால், குளிசையைச் சாப்பாட்டுக்குப் பின்பே கொடுங்கள். வயிற்றில் உணவு இருக்கும்போது மருந்து குடலுக்கு இறங்கச் சற்றுத் தாமதமாவதால் அது வேலை செய்யத் தொடங்கும் நேரம் கொஞ்சம் பிந்தலாமே தவிர, உடலில் சேரும் மொத்த அளவு குறைவதில்லை. அயலவர்கள் சொல்வதும் வெறும் கதையல்ல. உணவுக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன்பு எடுக்கும்படி சில மருந்துத் தாள்களில் குறிப்பு உண்டு. ஆனாலும் வளரும் பிள்ளையின் விடயத்தில் நான் பெரிதாக எண்ணுவது பசியைத்தான்.

இந்தக் குளிசை ஏறக்குறைய நான்கு மணி நேரம் வேலை செய்யும். அந்த நேரம் முழுவதும் பசியையும் அடக்கிவைக்கும். ஆகவே வெறும் வயிற்றில் அதை விழுங்கிவிட்டுப் போகும் பிள்ளை, இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஒரு வாய் புட்டைக் கிள்ளிப் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடும். வயிற்று நோவென்றும் சொல்லும். நீங்கள் விடியமுன் வயலுக்கு இறங்கும் நாட்களில், பழஞ்சோற்றில் எருமைத் தயிர் விட்டுப் பிசைந்து வைத்தால் போதும். அதை அவன் சாப்பிட்ட பின்பே குளிசையைக் கொடுக்க வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஒரு நாள் சாப்பிட்டும் மறுநாள் சாப்பிடாமலும் கொடுத்தால், மருந்து தொடங்கும் நேரம் மாறி, இன்று வேலை செய்யவில்லையே என்ற குழப்பம் உங்களுக்கும் ஆசிரியருக்கும் வரும். வைத்தியருக்கும் அளவைத் தீர்மானிப்பது கடினமாகும்.

மதியக் குளிசையையும் சோறு சாப்பிட்டவுடன் கொடுங்கள். பின்னேரம் வரை பிந்தவிட்டால் இரவு நித்திரை கெடும் என்பதால், தவறிய குளிசையை அன்றைக்கு விட்டுவிடுவதே நல்லது. மருந்தின் வேகம் தணிந்த பின் பசி திரும்பும். அப்போது மீன், முட்டை, பருப்பு என்று அவன் கேட்கும் அளவுக்குக் கொடுங்கள்.

உங்கள் தங்கை சொல்வது, இதே பிரச்சினைக்குக் கொடுக்கப்படும் இன்னொரு வகையான அம்பெற்றமின் மருந்துகளுக்குப் பொருந்தும்: புளிப்பான சாறுகளும் விற்றமின் சியும் அவற்றின் உறிஞ்சலைக் குறைக்கலாம், சிறுநீர் அமிலமாகும்போது அவை விரைவாக வெளியேறியும்விடும். மெதில்பெனிடேற் பெரும்பாலும் உடலிலுள்ள ஒரு நொதியத்தால் சிதைக்கப்படுவதால் தோடம்பழமோ நெல்லிச் சாறோ அதைக் கெடுப்பதில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து நீண்ட நேரம் வேலை செய்யும் கப்சியூல்கள் வந்தால், வைத்தியரைக் கேட்காமல் கொடுத்துவிடாதீர்கள். அவற்றில் சில வகைகளைக் கட்டாயம் உணவோடு எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்தால் மேற்பூச்சு முன்கூட்டியே கரைந்து, நாள் முழுவதும் சிறுகச் சிறுக வெளிவர வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு முறையும் மகனின் நிறையையும் உயரத்தையும் கொப்பியில் குறித்துத் தரும்படி கேளுங்கள். நிறை ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ, நீங்களாக மருந்தை நிறுத்தாமல், அந்தக் கொப்பியை வைத்தியரிடம் காட்டுங்கள்.