காப்பகத்தில் இருக்கும்போதே வழக்கைத் தொடங்குங்கள்

கேள்வி: கணவரின் அடி தாங்காமல் இரண்டு பிள்ளைகளோடு கொழும்பில் ஒரு பெண்கள் காப்பகத்தில் இருக்கிறேன். அடுத்த மாதம் வெளியேற வேண்டும். தெமட்டகொடையில் எங்கள் தோட்டத்து வீட்டை உடைத்ததற்குப் பதிலாகக் கிடைத்த தொடர்மாடி வீட்டில் கணவர் இருக்கிறார். வீட்டு ஒதுக்கீட்டுக் கோப்பு அவர் பெயரில். விற்கப் போவதாகச் சொல்கிறாராம். அவர் த்ரீவீல் ஓட்டுகிறார், நான் தையல் வேலை. வாடகைக்குப் போனால் ஆறு மாத முற்பணமும், "கணவர் எங்கே?" என்ற கேள்வியும்தான். அரசாங்கம் வீடு தருமா?

பதில்: சகோதரி, காப்பகத்தை விட்டு வரும் பெண்ணுக்கு வீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை. இருந்திருக்க வேண்டும். போக இடமில்லாமல்தான் பலர் அடித்தவனிடமே திரும்பிப் போகிறார்கள். ஆனால் நீங்கள் விட்டு வந்த வீட்டின் மேல் உங்களுக்குச் சட்டம் தரும் பிடிமானம் இருக்கிறது. அதைக் காப்பகத்தில் இருக்கும்போதே பிடித்துக்கொள்ளுங்கள்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேளுங்கள். நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்துக்குரிய நீதிமன்றமே போதும். அவசரமென்று நீதவான் கண்டால் இடைக்காலக் கட்டளை தருவார். 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதி வைப்பார். இறுதிக் கட்டளை 12 மாதம் வரை செல்லும், நீடிக்கவும் கேட்கலாம்.

அடிக்காதே என்று மட்டும் சொல்லும் கட்டளை அல்ல அது. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் அவர் குடியிருக்கக் கூடாது, உங்களை உள்ளே வரவிடாமல் தடுக்கக் கூடாது, உங்களை நிர்க்கதியாக்கும் விதத்தில் குடும்ப வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது என்றெல்லாம் நீதிமன்றம் தடை போட முடியும். கோப்பு அவர் பெயரில் இருப்பது இந்தத் தடைக்குக் குறுக்கே நிற்காது. ஆனால் உரிமை உங்கள் பெயருக்கு மாறிவிடாது, அது வேறு விடயம். தடை கிடைத்ததும் கட்டளையின் பிரதியோடு, அந்தத் தொடர்மாடி வீட்டைக் கொடுத்த நகர அபிவிருத்தி அதிகார சபைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டு, அந்தக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டளையை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

அந்த வீட்டுக்குப் போகப் பயமா? போகவே வேண்டாம். பக்கத்து மாடியில் அவருடைய ஆட்கள் இருந்தால் கட்டளை கையில் இருந்தும் நிம்மதி இருக்காது. அப்படியென்றால் விற்பனைத் தடையையும் காசையும் கேளுங்கள். அதே வழக்கில் அவசரப் பண உதவி கேட்கலாம். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க பராமரிப்புச் சட்டத்தின்கீழ் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாதாந்தப் பராமரிப்பும் கேட்கலாம். "வருமானம் இல்லை சேர்" என்று அவர் சொல்வார், த்ரீவீல் ஓட்டுகிற பலரும் சொல்வதுதான். வண்டிக்கு மாதாமாதம் லீசிங் கட்டுகிறார் என்றால் அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? லீசிங் புத்தகத்தின் படமோ, பிக்மீ (வாடகை வண்டிச் செயலி) ஓட்டத்தின் ஸ்கிரீன்ஷொட்டோ உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

பொலிஸில் கொடுத்த முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம். தமிழில் எழுதக் கேட்பது உங்கள் உரிமை. அளுத்கடை நீதிமன்றத்தில் வழக்கு சிங்களத்தில் நடந்தாலும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கோ வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் 'விமன் இன் நீட்' அமைப்புக்கோ போங்கள். மகளிர் உதவி இலக்கம் 1938.

சரி, வாடகை வீடு. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் சட்டத்தில் நிற்காது. ஆறு மாத முற்பணத்தை வெறும் வாய்ப்பேச்சில் கொடுத்துவிடாதீர்கள்; குறைந்தது வங்கி வழியாகவாவது கட்டி, கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். கணவரைப் பற்றிக் கேட்டால் கதை முழுவதையும் சொல்லத் தேவையில்லை, வாடகை எப்படித் தருவீர்கள் என்பதைச் சொன்னால் போதும்.

முற்பணத்துக்கு வழி தேட, காப்பகத்தின் கடிதத்தோடு பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பாருங்கள். அஸ்வெசும (அரசின் நலன்புரி உதவி) கொடுப்பனவு கணவரின் குடும்பப் பெயர்ப்பட்டியலில் போகிறதா என்றும் அங்கேயே கேளுங்கள். போகிறது என்றால், பிரிந்து வாழ்வதை எழுத்தில் கொடுத்து உங்களையும் பிள்ளைகளையும் தனிக் குடும்பமாகப் பதியச் சொல்லுங்கள். முதலில் செய்ய வேண்டியது வழக்கு. இந்த வாரமே காப்பகப் பொறுப்பாளரிடம் பேசுங்கள்.