35 சதவீத மானியம் வாங்கித் தருகிறாராம்... 15,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: ஐயா, கோவை கணபதியில் சின்ன டர்னிங் பட்டறை வைத்திருக்கிறோம். 2019-ல் இரண்டு லேத்தோடு ஆரம்பித்தது. இப்போது 6 பேர் வேலை செய்கிறார்கள், வருட டர்ன்ஓவர் 60 லட்சம். ஜிஎஸ்டி, உத்யம் (குறு, சிறு தொழில் பதிவு) எல்லாம் என் பெயரில்தான்; ஓட்டுவது கணவர். அடுத்து 18 லட்சத்தில் ஒரு சிஎன்சி (கணினியில் இயங்கும்) மிஷின் வாங்கப் போகிறோம். பக்கத்துப் பட்டறைக்காரர் மூலம் ஒருவர் வந்தார். மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீத மானியம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். முன்பணம் 15,000, வந்ததும் 10 சதவீதம் கமிஷன். ஜிஎஸ்டி லாகின், பாஸ்வேர்டு கேட்டார், கொடுத்துவிட்டேன். பணம் இன்னும் கட்டவில்லை. இது தவிர, மூன்று பார்ட்டிகளிடம் 7 லட்ச ரூபாய் மாதக்கணக்கில் நிற்கிறது. என்ன செய்யலாம்? - வாசகி, கோவை

பதில்: சகோதரி, மீதியைப் படிப்பதற்கு முன் ஜிஎஸ்டி பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வாருங்கள். பதிவு செய்த மொபைல் எண்ணும் இமெயிலும் இன்னும் உங்களுடையதாகவே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிறகு ஆடிட்டரைக் கூப்பிட்டு, கடைசியாகத் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1-ல் (விற்பனை பில்களைக் காட்டும் ரிட்டர்ன்) நீங்கள் போடாத பில் ஏதாவது இருக்கிறதா, தெரியாத இ-வே பில் (சரக்கு அனுப்பும் சீட்டு) போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். லாகின் கையில் இருந்தால் உங்கள் பெயரில் போலி பில் போட்டு வேறு யாருக்கோ வரி வரவை (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் வரவு) ஏற்றிவிடலாம். மானியம் வராததுகூடப் பெரிய நஷ்டமில்லை, வரி நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அடுத்து அந்த 35 சதவீதம். அவர் சொல்வது அநேகமாகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம், அதாவது பிஎம்இஜிபி. பெண்களுக்கு 35 சதவீதம் உண்டு என்பது உண்மை, ஆனால் கிராமப் பகுதியில். நகரத்தில் 25. இரண்டுமே புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு. 2019-லிருந்து ஓடும் பட்டறைக்கு அந்தக் கதவு திறக்காது. ஏற்கெனவே பிஎம்இஜிபி அல்லது முத்ராவில் கடன் வாங்கி ஒழுங்காக அடைத்தவர்களுக்கு விரிவாக்கத்துக்கென்று இரண்டாவது கடன் உண்டு, அதில் மானியம் குறைவு. இன்னொன்றையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். அந்த மானியம் கைக்கு வராது. வங்கியில் உங்கள் பெயரில் 3 வருடம் டெபாசிட்டாகக் கிடந்து, பிறகு கடனில் கழியும். அதில் 10 சதவீதக் கமிஷனை மட்டும் ரொக்கமாக எங்கிருந்து எடுத்துக் கொடுப்பீர்கள்? 15,000 கட்ட வேண்டாம்.

உங்களுக்குப் பொருந்தக்கூடியது தமிழக அரசின் மூலதன மானியம். குறு உற்பத்தித் தொழிலுக்கு, தகுதியுள்ள இயந்திர மதிப்பில் 25 சதவீதம். 18 லட்சத்துக்கு 4.5 லட்சம் வரும். பெண் தொழில்முனைவோருக்குக் கூடுதல் மானியமும் உண்டு. ஓடுகிற தொழிலை விரிவாக்கினாலும் கேட்கலாம், ஆனால் இருக்கும் இயந்திரங்களோடு ஒப்பிட்டால் இது கணிசமான விரிவாக்கம்தானா என்று பார்ப்பார்கள். செகண்ட் ஹேண்ட் மிஷினுக்குக் கிடைக்காது. மிஷினுக்கு ஆர்டர் போடும் முன்பே மாவட்டத் தொழில் மையத்துக்குக் கொட்டேஷனோடு ஒரு நடை போய்வாருங்கள். உங்கள் வேலை தகுதிப் பட்டியலில் இருக்கிறதா, எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், என்னென்ன பேப்பர் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை. பலருக்கு மானியம் போவது தகுதி இல்லாமல் இல்லை, தேதி தாண்டி.

தேதி என்றதும் ஒரு வருத்தம். உற்பத்தி தொடங்கிய முதல் 36 மாதங்களுக்குக் குறு உற்பத்தித் தொழில்களுக்கு மின் கட்டணத்தில் 20 சதவீத மானியம் உண்டு. நீங்கள் அதை வாங்கியதாக எழுதவில்லை. வாங்கவில்லை என்றால் அந்தக் காலம் 2022-லேயே முடிந்துவிட்டது, பட்டறையை மூடித் திறந்தாலும் திரும்பாது.

இப்போது பில் விஷயம். உங்களைப் போலவே மனைவி பெயரில் பதிவு, கணவர் கையில் வேலை என்று ஓடும் ஒரு பட்டறைக்காரர் சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தார். மிஷின் கம்பெனியில் பேசி முடித்ததெல்லாம் அவர்தான், பில்லும் அவர் பெயரிலேயே வந்துவிட்டது. ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டிய கட்டம் காலி. மிஷின் ஷெட்டில் ஓடுகிறது, ஆனால் காகிதப்படி அது மனைவியின் நிறுவனத்துடையது இல்லை. மானியமும் போச்சு, வரி வரவும் போச்சு. கொட்டேஷன், வங்கிக் கடன், பில், பணம் கட்டும் கணக்கு, இன்சூரன்ஸ் எல்லாமே உத்யமில் இருக்கும் அதே பெயரில் இருக்க வேண்டும். கொட்டேஷனிலேயே உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

அந்த 18 லட்சத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 3.24 லட்சம். நீங்கள் காம்போசிஷனில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) இல்லாத வரைக்கும் இது முழுக்க இன்புட்டாக, அதாவது வரி வரவாகத் திரும்பும். மானியத்துக்குக் காத்திருப்பது போல இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை, மாதாமாதம் நீங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொண்டே வரலாம். இரண்டு விஷயம் கவனம். விற்றவர் தன் ரிட்டர்னில் உங்கள் பில்லை ஏற்றி, அது உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் (ஜிஎஸ்டி போர்ட்டலில் தெரியும் உங்கள் வரி வரவுப் பட்டியல்) வந்தால்தான் எடுக்க முடியும். ஆகவே கடைசித் தவணையைக் கட்டும் முன் 2பி-யைத் திறந்து பாருங்கள். அடுத்தது, அந்த 3.24 லட்சத்தையும் மிஷின் விலையோடு சேர்த்துத் தேய்மானம் எழுதினால் இன்புட் கிடையாது. மானியம் வந்தால் அந்த 4.5 லட்சத்தையும் மிஷின் விலையில் கழித்துத்தான் தேய்மானம். இரண்டையும் ஆடிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புது மிஷின் இருக்கட்டும், பழைய பில் ஃபைலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து உட்காருங்கள். இன்சர்ட், டிரில், கூலன்ட், பார்சல், ஆடிட்டர் ஃபீஸ் என்று ஒவ்வொன்றாக 2பி-யோடு ஒப்பிடுங்கள். உங்கள் அளவுப் பட்டறைகளில் விட்டுப்போன இன்புட் இல்லாத ஃபைலை நான் அதிகம் பார்த்ததில்லை. 2025-26 பில்களுக்கு 2026 நவம்பர் 30 கடைசி, அதற்குள் ஆண்டு ரிட்டர்ன் போட்டுவிட்டால் அன்றோடு சரி. கரண்ட் பில்லில் ஜிஎஸ்டி இல்லை, தேட வேண்டாம். நீங்கள் வாங்கிய சரக்குக்கு 180 நாளில் பணம் கொடுக்கவில்லை என்றால் எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்ப வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடனை எடுக்கும்போது மானியம் வரும் என்று வைத்து இஎம்ஐ கணக்குப் போடாதீர்கள். நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்துத்தான் அது வரும். மானியமே இல்லாமலும் தவணை கட்ட முடிகிற வேலை கையில் இருந்தால் மட்டும் மிஷின் வாங்குங்கள். வங்கி வீட்டுப் பத்திரம் கேட்டால், சிஜிடிஎம்எஸ்இ என்ற கடன் உத்தரவாதத் திட்டத்தில் அடமானம் இல்லாமல் தருவீர்களா என்று திருப்பிக் கேளுங்கள். அதற்கு வருடக் கட்டணம் உண்டு, ஆனாலும் வீடு தனியாக நிற்கும்.

கடைசியாக அந்த 7 லட்சம். எனக்கு இதுதான் மானியத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளில் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் உச்சம். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் 3 மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென்று மத்திய அரசு நடத்தும் ஆன்லைன் போர்ட்டலில் புகார் கொடுத்தால், இந்தப் பாக்கி வழக்குகளைத் தீர்க்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகும். அங்கே வந்த தீர்ப்பை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக, பார்ட்டி 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

ஆனால் மூன்று பேர் மேலும் புகார் போடச் சொல்ல மாட்டேன். மாதாமாதம் ஆர்டர் தருகிற பார்ட்டியைக் கவுன்சிலுக்கு இழுத்தால் ஆர்டர் அடுத்த பட்டறைக்குப் போய்விடும், கோவையில் பட்டறைக்கா பஞ்சம்? வேலை தருவதை நிறுத்திவிட்டு போனும் எடுக்காதவர் மேல் மட்டும் போடுங்கள். மற்ற இருவரிடம் வேறு வழி. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி வைத்திருக்கும் பாக்கியை, பணம் கொடுக்கும் வருடத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்று வருமான வரியில் ஒரு விதி 2024 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. 43பி(எச்) என்று ஆடிட்டர்கள் வாயில் அடிபட்டது அதுதான். நீங்கள் உற்பத்தி செய்பவர் என்பதால் உங்களுக்கு இது பொருந்தும், வாங்கி விற்பவர்களுக்குப் பொருந்தாது. பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்து, சான்றிதழ் நகலோடு பாக்கிப் பட்டியலை அவர்களின் கணக்குப் பிரிவுக்கு மெயில் அனுப்புங்கள். முதலாளி கண்டுகொள்ளாவிட்டாலும் மார்ச் நெருங்கும்போது அவருடைய ஆடிட்டர் கண்டுகொள்வார். அந்த எண்ணை இந்த மாத பில்லிலேயே போட்டுவிடுங்கள்.