வேர் சிகிச்சைக்குப் பின் வலி: மோட்டார் ஃபைலா, கை ஃபைலா?

“நரம்பையே எடுத்த பிறகு ஏன் வலிக்கிறது? மோட்டாரில் செய்திருந்தால் குறைந்திருக்குமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுத்தது பல்லுக்குள் இருந்த கூழை, அதாவது நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள மென்திசுவை மட்டும்தான். வேர் நுனியைச் சுற்றியுள்ள திசு உயிரோடுதான் இருக்கிறது. வேருக்குள் இருக்கும் கால்வாயை ஃபைல் என்ற மெல்லிய அரம் போன்ற கருவியால் சுரண்டும்போது பல்தூளும் அழுகிய திசுவும் கிருமிகளும் நுனித் துளை வழியே கொஞ்சம் வெளியேறி, அந்தத் திசுவைச் சீண்டுகின்றன. எந்தக் கருவியானாலும் இது நடக்கும், அளவுதான் வேறுபடும்.

கை ஃபைலை மேலும் கீழுமாக இழுத்துத் தேய்த்தால், அது சைக்கிள் பம்பின் தண்டு போலக் கசடைக் கீழே தள்ளும். மோட்டாரில் சுழலும் நிக்கல் டைட்டானியம் ஃபைல் தூளைத் தன் பள்ளங்களில் ஏந்தி மேலே கொண்டுவருகிறது. ஆகவே பொதுவாக வலி சற்றுக் குறைவு. கால்வாயின் மேற்பகுதியை முதலில் அகலப்படுத்திவிட்டு நுனிக்கு இறங்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆனாலும் மோட்டார் என்ற சொல்லில் மயங்காதீர்கள். ஃபைல் வேர் நுனியை 1 மி.மீ. தாண்டினாலே போதும், விலை உயர்ந்த கருவியும் வலியைக் கொடுக்கும். கால்வாயைக் கழுவும் மருந்தை, ஊசி அதற்குள் இறுகிய நிலையில் அழுத்திச் செலுத்தினாலும் அப்படித்தான். சிகிச்சைக்கு முன்பே கடுமையாக வலித்த பல், பின்னும் வலிக்கவே வாய்ப்பு அதிகம்.

முதல் இரண்டு நாள் வலி இயல்பு. ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். கடிக்கும்போது மட்டும் சுள்ளென்றால் பல்லில் வைத்த அடைப்பு உயரமாக இருக்கலாம், தேய்த்துச் சரிசெய்துவிடுவார்கள். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.