விவசாயபீடத்தைப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எத்தனையாவதாகப் போடுவது?

ஒட்டுசுட்டானில் இருந்து எழுதிய அம்மாவுக்கு,

"நாங்கள் வயலுக்குள்ள நிண்டு பட்டது காணும். பிள்ளையும் அதையே படிச்சு என்ன காணப்போறாள்?" என்று கேட்டிருந்தீர்கள். மகள் உயிரியல் பிரிவில் உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தரமும் எழுதிவிட்டாள், மருத்துவத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) காணாது, விவசாயம் கிடைக்கும் போலிருக்கிறது. எடுப்பதா, மூன்றாம் தரம் எழுதுவதா என்பதுதான் வீட்டில் இழுபறி.

என் அபிப்பிராயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். முதல் தரத்தைவிட இரண்டாம் தரத்தில் புள்ளி நன்றாக ஏறி, மருத்துவத்தின் வெட்டுப்புள்ளிக்குக் கிட்ட வந்திருந்தால் மட்டும் மூன்றாம் தரத்தை யோசியுங்கள். அப்படி இல்லையென்றால் விவசாயத்தை எடுக்கட்டும். வெட்டுப்புள்ளியைப் பார்க்கும்போது உங்கள் முல்லைத்தீவு மாவட்டத்துக்கு உரியதைப் பாருங்கள். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. வன்னி மாவட்டங்கள் அந்தப் 16க்குள் வருகின்றன. வேறு மாவட்டத்து ரியூசன் வாத்தியார் சொல்லும் புள்ளியைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம், துள்ளவும் வேண்டாம்.

சரி, வயலுக்கு வருவோம். உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியாத எதைக் கம்பஸில் சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள்? நெல் ஓலையில் புள்ளி விழுந்தால் கடைக்குப் போய், கடைக்காரர் தரும் மருந்துப் போத்தலை வாங்கி வந்து அடிப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். அந்த ஓலையைக் கொஞ்சம் கிட்டப் பிடித்துப் பாருங்கள். புள்ளி இரண்டு பக்கமும் கூராக, நடுவில் சாம்பல் நிறமாக, ஓரம் கபிலமாக இருந்தால் அது எரிபந்த நோய். யூரியா கூடின வயலில் மூர்க்கமாகப் பரவும். புள்ளி எள்ளு மாதிரிச் சிறிதாக, நீள்வட்டமாக இருந்தால் அனேகமாகக் கபிலப்புள்ளி நோய். அது சத்துக் குறைந்த மண்ணில்தான் கூடுதலாக வரும். முதலாவதற்கு யூரியாவை நிறுத்த வேண்டும், இரண்டாவதற்கு மண்ணுக்கு என்ன குறை என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே போத்தலை அடித்தால் காசு போனதுதான் மிச்சம். இந்தப் பிரித்தறியும் கண்தான் நாலு வருடப் படிப்பின் சாரம். 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது, இந்த மண்ணுக்கு எது கட்டாயம், எதைக் குறைக்கலாம் என்று சொல்லத் தெரிந்த ஆட்களைத் தேடித்தானே எல்லோரும் அலைந்தோம்.

பயிரோடு படிப்பு முடிவதும் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாயபீடத்தில் பயிரியல், விவசாய உயிரியல், விவசாய இரசாயனவியல், விவசாயப் பொறியியல், விவசாயப் பொருளியல், விலங்கு விஞ்ஞானம் என்று துறைகள் இருக்கின்றன. ஒன்று தெளிவாக இருக்கட்டும்: விலங்கு விஞ்ஞானம் படித்தவர் மிருக வைத்தியர் ஆக முடியாது. அதற்குப் பேராதனையில் தனிப் பட்டம். இதைத் தெரியாமல் வந்து பிறகு மனம் நொந்த பிள்ளைகள் உண்டு.

இனி வேலை. கோழி மேய்ச்சாலும் கவுண்மேந்தில மேய்க்கவேணும் என்பது எங்கள் பக்கத்துப் பழமொழி. (விலங்கு விஞ்ஞானம் படித்து அரச பண்ணையில் வேலை கிடைத்தால் அது அப்படியே பலிக்கும்.) அரசாங்கத்தில் இந்தப் பட்டத்துக்கு நேரான வாசல் இலங்கை விவசாய சேவை. போட்டிப் பரீட்சை எழுதி உதவி விவசாயப் பணிப்பாளர் மாதிரியான பதவிகளுக்குப் போகலாம். ஆனால் பரீட்சை வருடாவருடம் வருவதில்லை, வந்தாலும் இடங்கள் கொஞ்சம். பட்டம் முடித்த அடுத்த மாதமே நியமனக் கடிதம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆராய்ச்சி நிலையங்கள், விதை அத்தாட்சிப்படுத்தல், ஆசிரியர் சேவை என்று வேறு வழிகளும் உண்டு, அங்கும் காத்திருப்புத்தான். ஊரில் நீங்கள் காணும் விவசாயப் போதனாசிரியர்களில் பலர் டிப்ளோமா முடித்து வந்தவர்கள். வவுனியா விவசாயப் பாடசாலையில் அதைப் படிக்கலாம். புள்ளி குறைந்த தம்பி தங்கச்சி யாராவது இருந்தால் அதை யோசியுங்கள்.

தனியாரிடம் வேலை கெதியாகக் கிடைக்கும். விதை, உர, மருந்துக் கம்பனிகளின் வெளிக்கள உத்தியோகத்தர், வங்கியில் விவசாயக் கடன் பகுதி, உணவு பதனிடும் தொழிற்சாலை. வெளிக்கள வேலையென்றால் மோட்டார் சைக்கிள், வெயில், விற்பனை இலக்கு மூன்றும் சேர்ந்தே வரும். மகளுக்கு அது ஒத்துவருமா என்று அவளைத்தான் கேட்க வேண்டும், உங்களை அல்ல. எனக்குக் கூடுதல் நம்பிக்கை தருவது அறுவடைக்குப் பிறகு நடக்கும் வேலைகள். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதனில் நெல் கேட்கிறது. எங்கள் ஆட்களோ வெட்டின கையோடு ஈர நெல்லை வயல் வரம்பிலேயே வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். காயவைப்பது, சேமிப்பது, நிலக்கடலையையும் உழுந்தையும் பொதி செய்து விற்பது என்று வன்னியில் செய்ய ஆளில்லாத வேலை நிறையக் கிடக்கிறது.

மகளுக்கு ஒரு சொல். படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். தமிழில் உயர்தரம் எழுதின பிள்ளைகள் முதல் வருடத்தில் தடுமாறுவது பாடத்தால் அல்ல, மொழியால். அனுமதி வரும்வரை இருக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடு பிள்ளை. சிங்களமும் கொஞ்சம் வந்தால் வேலை தேடும் வட்டம் பெரிசாகும்.

விண்ணப்பத்தில் மருத்துவத்தை மேலே போட்டுவிட்டு, விவசாயத்தைக் கட்டாயம் அதற்குக் கீழே நல்ல இடத்தில் போடுங்கள். வீட்டில் இருந்து போய்வரலாம் என்பதற்காக மட்டும் கிளிநொச்சியை முதலில் போட வேண்டாம். உணவு விஞ்ஞானத்தில் ஆசையென்றால் பேராதனை மேலே வரட்டும். உலர்வலயப் பயிர், நீர்ப்பாசனம் என்றால் கிளிநொச்சிதான். பதிவு செய்த பிறகு வேறு நெறிக்கு மாற்றி விண்ணப்பிப்பதில் கட்டுப்பாடுகள் உண்டு, பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் அந்தப் பக்கத்தை இருவருமாக வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.