‘ஒய்’ நாற்காலியில் கயிறு அறுந்தால் நைலான் போடலாமா?

வாசகர் கேள்வி: டென்மார்க்கில் வசிக்கிறோம். ஹான்ஸ் வெக்னர் வடிவமைத்த, முதுகுப் பக்கம் ‘Y’ எழுத்து வடிவக் கட்டை உள்ள ‘ஒய்’ நாற்காலி ஒன்றைப் பழைய பொருள் கடையில் வாங்கினோம். இருக்கையின் முன்விளிம்பில் மூன்று இழைகள் அறுந்து, நடுப்பகுதி தொய்ந்திருக்கிறது. நைலான் கயிற்றால் பின்னலாமா? ‘1950-ஆம் வருடத்து அசல்’ என்றார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: நைலான் வேண்டாம். இப்போது அதில் இருப்பது காகிதக் கயிறு. முறுக்கிய காகித இழைகள் மூன்றைச் சேர்த்துத் திரித்தது, தடிமன் சுமார் 3 மி.மீ. இரண்டாம் உலகப் போரில் கடற்புல் கயிறு கிடைக்காமல் போனபோது டென்மார்க்கில் அதற்கு மாற்றாக வந்து, அப்படியே நிலைத்துவிட்டது. சட்டத்தில் இறுக்கும்போது சற்றே நசுங்கிப் பிடித்துக்கொள்ளும்; பாரம் ஏறினாலும் அவ்வளவாக நீளாது. நைலான் நீளும், வழுக்கும், மரத்திலும் வரி போடும்.

கயிற்றுக் கட்டில் தொய்ந்தால் கால்மாட்டில் இழுத்துக் கட்டிவிடலாம். இங்கே அது நடக்காது. ஒவ்வொரு சுற்றையும் அடுத்த சுற்று பூட்டிவிடுகிறது. அடியில் முடிச்சுப் போட்டுச் சில மாதம் ஓட்டலாம், அவ்வளவுதான். உட்கார்ந்து எழும்போதெல்லாம் தொடை உரசுவது முன்விளிம்பில்தான். அதனால்தான் அங்கே முதலில் அறுகிறது. மூன்று இழை போயிருக்கிறது என்றால் பக்கத்து இழைகளும் தேய்ந்திருக்கும். முழுதாகப் பின்னிவிடுங்கள்.

ஒரு நாற்காலிக்குச் சுமார் 120 மீட்டர் பிடிக்கும். முதல்முறை என்றால் 135 மீட்டர் வாங்குங்கள். பழைய துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்த் தடிமனையும் முறுக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிப்பதற்கு முன் மேலும் அடியும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கயிற்றை நறுக்கி, உட்புறச் சிற்றாணிகளைக் குறடால் பிடுங்குங்கள். ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் புதுக் கயிற்றை அறுக்கும். சட்டம் வெறுமையாக இருக்கும் இந்த நேரத்தில் அதை இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள். மூட்டு கிறீச்சிட்டால் தச்சரிடம் கொடுத்துப் பசை போட்டு வாங்கிவிடுங்கள். பின்னிய பிறகு மூட்டைப் பிரிக்க முடியாது.

முன்சட்டம் பின்சட்டத்தைவிட நீளம். பலர் சறுக்குவது இங்கேதான். வித்தியாசம் 8 செ.மீ. என்றால், முன்சட்டத்தின் இரு மூலையிலிருந்தும் 4 செ.மீ. தள்ளிப் பென்சிலால் குறியுங்கள். அந்த இடத்தை முதலில் நிரப்ப வேண்டும். இடப்பக்கச் சட்டத்தின் உள்ளே கயிற்றை ஆணியடித்து, முன்சட்டத்தின் மேலாகப் போட்டு அடிவழியே உள்ளே எடுங்கள். இடச்சட்டத்தைச் சுற்றி, நேராக வலச்சட்டத்துக்குப் போய் அதையும் சுற்றி, மறுபடி முன்சட்டத்தைச் சுற்றி, வலச்சட்டத்தின் உள்ளே ஆணியடித்து நறுக்குங்கள். குறி வரை இப்படியே.

பிறகுதான் நான்கு மூலையையும் தொடர்ந்து சுற்றும் பின்னல். 10–15 மீட்டர் துண்டுகளாக எடுத்தால் கை சிக்காது. முடிச்சு எல்லாம் அடியில் விழட்டும். நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை மரக்கட்டையை வைத்துத் தட்டி இழைகளை நெருக்குங்கள். மூலையில் இழைகள் செங்கோணத்தில் சந்திக்கின்றனவா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். கோணம் பிசகினால் மூலைவிட்டக் கோடு வளைந்துகொண்டே போகும், நடுவில் வந்து திருத்த வழியில்லை. பக்கச் சட்டங்கள் முதலில் நிரம்பிவிடும். நடுவில் மிஞ்சும் இடைவெளியை முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் இடையே 8 போல ஓட்டி அடைக்க வேண்டும். தேர்ந்த கைக்கு ஒரு மணி நேர வேலை. நீங்கள் இரண்டு நாள் ஒதுக்குங்கள், விரல்களில் துணிப்பட்டை சுற்றிக்கொள்ளுங்கள்.

இனி அந்த ‘அசல்’. வெக்னர் 1914-ல் டோண்டர் ஊரில் காலணி செய்பவரின் மகனாகப் பிறந்து, இளம்வயதிலேயே தச்சு கற்றவர். ஆர்ஹூஸ் நகர மண்டபத்துக்காக ஆர்ன யாகோப்சன், எரிக் மொல்லர் என்ற கட்டடக் கலைஞர்களிடம் அறைகலன் வேலை பார்த்தார். சீனத்து மிங் அரச வம்சக் கால நாற்காலிகளைப் பார்த்து அவர் வரைந்த வரிசையில் வந்தது இது. 1949-ல் வரைந்தார், கார்ல் ஹான்சன் அண்ட் சன் நிறுவனம் 1950 முதல் இன்றுவரை செய்துவருகிறது. ஆகவே உருவத்தை வைத்து வருடம் சொல்ல முடியாது. கடைக்காரர் சொன்ன 1950 விற்பனைப் பேச்சாகவும் இருக்கலாம்.

போலியா என்பதை மேல்வளைவு, அதாவது முதுகும் கைகளும் சாயும் வளைந்த மரம், காட்டிக்கொடுக்கும். அது ஒரே மரத்தை ஆவியில் வளைத்தது. விரலை ஓட்டிப் பாருங்கள்: மர ரேகை வளைவோடு சேர்ந்து முனைவரை ஓட வேண்டும். நடுவழியில் வெட்டுண்டு வேறு ரேகை தொடங்கினால் துண்டுகளை ஒட்டியது. அந்த மெல்லிய வளைவை நடுவில் தாங்குவதுதான் ‘ஒய்’ கட்டை. நாற்காலியைப் பின்கால்களில் சாய்த்து ஆடினால் முதலில் விரிசல் விடும் இடம் அதன் பொருத்துகள். சட்டத்தைப் பார்க்கும்போது அங்கேயும் பாருங்கள்.

பின்னி முடித்ததும் காபி சிந்தினால் உடனே உலர்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். எண்ணெய்க் கறை போகாது.